0.03 சதவீதம்: சென்னைக் குப்பையின் வரவு செலவு

சென்னைக் குப்பையில் இரும்பு முதலான உலோகங்களின் பங்கு 0.03 சதவீதம். மாநகராட்சி வெளியிட்ட பகுப்பாய்வில் உள்ள எண்களில் மிகச் சிறியது இது. நாளொன்றுக்கு 5,000 டன் குப்பை என்று கொண்டால் 1.5 டன். 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 67.27 லட்சம், தலைக்கு 0.22 கிராம். இத்தனை பேர் வாழும் நகரத்தில் தகர டப்பாவும் ஆணியும் பழைய சைக்கிள் பாகமும் இவ்வளவு குறைவாகவா கழிகின்றன? இல்லை. குப்பைத் தொட்டியை எட்டும் முன்பே யாரோ எடுத்துவிடுகிறார்கள். இரும்புக்குக் காயலான் கடையில் கிலோவுக்கு 20 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. விலை இருப்பதால் எடுக்க ஆள் இருக்கிறது, ஆள் இருப்பதால் குப்பை மேட்டில் இரும்பு இல்லை. எந்த அரசாணையும் இல்லாமல், எந்த விழிப்புணர்வுப் பேரணியும் இல்லாமல் நடக்கும் ஒத்துழைப்பு இது.

அதே பகுப்பாய்வின் மற்ற எண்கள்: பசுமைக் கழிவு 32.25 சதவீதம், உணவுக் கழிவு 8, மரத்துண்டு 6.99, காகிதம் 6.45, வீட்டு உபயோக பிளாஸ்டிக் 5.86, தொழிற்சாலை பிளாஸ்டிக் 1.18, துணி 3.14, ரப்பரும் தோலும் 1.45, மண், கல், தூசி 34.65. இரும்பையும் சேர்த்தால் சரியாக 100. பழைய கணக்குதான், உணவு விநியோகப் பைகளும் அட்டைப்பெட்டிகளும் பெருகிவிட்ட இன்றைய விகிதம் மாறியிருக்கும். ஆனாலும் மூன்று பெரும் பகுதிகள் தெளிவாகத் தெரிகின்றன. 5,000 டன்னில் மக்கக்கூடிய உணவும் இலைதழையும் 2,012 டன், மண்ணும் கல்லும் 1,732 டன், மீதமுள்ள மரம், காகிதம், பிளாஸ்டிக், துணி, ரப்பர் எல்லாம் சேர்த்து 1,253 டன். முதலாவது உரமாகலாம். இரண்டாவது கட்டுமானத்துக்குத் திரும்பலாம். மூன்றாவதில் பெரும்பகுதி விற்பனைக்கு உரியது. மூன்றும் ஒரே வண்டியில் கலந்துவிட்டால் மூன்றுமே மதிப்பிழக்கும்.

மதிப்பிழந்த குப்பை கணக்கிலிருந்தே நழுவுவதும் உண்டு: இந்திய அளவில் நாளொன்றுக்கு 50,655 டன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 அறிக்கைப்படி நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு உருவான குப்பை 1,60,038.9 டன். சேகரிக்கப்பட்டது 1,52,749.5 டன், அதாவது 95.4 சதவீதம். பதப்படுத்தப்பட்டது 79,956.3 டன், 50 சதவீதம். நிலத்தில் கொட்டப்பட்டது 29,427.2 டன், 18.4 சதவீதம். எஞ்சிய 50,655.4 டன், அதாவது 31.7 சதவீதம், எங்கே போனது என்பதற்குக் கணக்கு இல்லை. வீட்டு வாசலிலிருந்து எடுப்பது மாநகராட்சியின் வேலை, பதப்படுத்துவது ஒப்பந்ததாரரின் வேலை. இரண்டுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு குப்பை உரிமையாளர் இல்லாமல் கிடக்கிறது. தமிழ்நாட்டின் நிலை சற்று மேல்: 13,422 டன்னில் 9,430 டன் பதப்படுத்தப்பட்டது, 70.3 சதவீதம். கணக்கில் வராதது 1,690 டன், 12.6 சதவீதம்.

கணக்கில் வராத குப்பைக்கும் ஒருநாள் ரசீது வரும். சென்னைக்கு வந்துவிட்டது. பெருங்குடியில் 225 ஏக்கரில் கிடந்த 30.62 லட்சம் கன மீட்டர் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் முறையில் அகற்ற ஒதுக்கிய தொகை 350.65 கோடி ரூபாய். கன மீட்டருக்கு 1,145 ரூபாய். கொடுங்கையூரில் 252 ஏக்கர், 66.52 லட்சம் டன், 640.83 கோடி ரூபாய். டன்னுக்கு 963 ரூபாய். இரண்டும் சேர்ந்து 991.48 கோடி. 67.27 லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,474 ரூபாய். அந்தக் குப்பையைக் கொட்டியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பணம் கட்டுவது அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

இந்தூரின் தேவ்குராடியா மேட்டில் இதே வேலைக்கு டன்னுக்குச் சுமார் 77 ரூபாய்தான் ஆனது. அங்கே 100 ஏக்கரில் கிடந்த சுமார் 13 லட்சம் டன் குப்பையை 10 கோடி ரூபாய்க்குள் அகற்றினார்கள். ஒப்பந்தத்துக்கு விட்டால் 60 கோடிக்கு மேல் ஆகும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. இயந்திரங்களை வாடகைக்கு எடுத்து மாநகராட்சியே இரண்டு ஷிப்டில் வேலை பார்த்தது. சொந்தப் பணியாளர்களின் சம்பளமும் மீட்ட பொருளைக் கொண்டுபோகும் செலவும் இரு நகரங்களிலும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை என்பதால் 963-ஐயும் 77-ஐயும் நேருக்கு நேர் நிறுத்துவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் 12 மடங்கு வித்தியாசத்தில் கணக்கெழுதும் முறைக்கு ஒரு பங்கு போனாலும், வேலையைப் பிரித்துக்கொண்ட முறைக்கும் கணிசமான பங்கு மிஞ்சும்.

குப்பை மேட்டின் செலவில் ரூபாயில் எழுத முடியாத ஓர் எண் உண்டு. கொழும்பின் மீதொட்டமுல்ல மேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில் சரிந்தது. இறந்தவர்கள் 32 பேர். பெருங்குடி மேடு 2022 ஏப்ரல் இறுதியில் தீப்பற்றி, அணைக்கப் பல நாள் ஆனது. அதே ஆண்டில்தான் அதை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 1,247.5 ஹெக்டேர், ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குப்பை மேலாண்மையில் 'பங்குதாரர்' என்று எல்லா ஆவணமும் எழுதுகிறது. மேட்டுக்கு அருகே புகையைச் சுவாசிப்பவர்தான் அதிக விலை கொடுத்த பங்குதாரர். கூட்டங்களில் அவருக்கு நாற்காலி கடைசியில்.

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். அங்கே தீர்மானிக்கும் எண் 55 ரூபாய். சென்னையில் தலைக்கு 700 கிராம் குப்பை என்பது மாநகராட்சிக் கணக்கு. அதில் வீடுகளின் பங்கு 68 சதவீதம், அதாவது 476 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 1.9 கிலோ, மாதத்துக்கு 57 கிலோ. இந்த 57 கிலோவும் மேட்டுக்குப் போய், பிறகு கொடுங்கையூர் விலையில் டன்னுக்கு 963 ரூபாய் கொடுத்து அகற்றப்பட்டால் மாதத்துக்கு 55 ரூபாய். ஈரம் வற்றி எடை குறையும் என்பதால் பாதி என்று வைத்தாலும் 27 ரூபாய். சேகரிப்பும் போக்குவரத்தும் இதில் அடங்கவில்லை. கொட்டியதைத் திரும்ப எடுக்கும் கூலி மட்டும். 2021 ஜனவரியிலிருந்து வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் வசூலிக்கப்போவதாக மாநகராட்சி அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. 10 ரூபாயை மறுத்த வீடு 27 ரூபாயை வேறு வழியில், சொத்து வரியாகவோ மானியமாகவோ கட்டிக்கொண்டிருக்கிறது. மறுத்தவர்கள் மீது குற்றம் சொல்ல முடியாது. தரம் பிரித்துக் கொடுத்தால் கட்டணம் குறையும் என்று அந்த அறிவிப்பில் ஒரு வரி இருந்திருந்தால் பேச்சே வேறு திசையில் போயிருக்கும்.

பிரிப்பதற்கான நேரம் எவ்வளவு? ஒரு பேட்டரி வண்டிக்கு 300 வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு நிமிடம் என்றால் 5 மணி நேரம், 570 கிலோ. காலை 6 மணிக்கு விசில் ஊதிக்கொண்டு வரும் தூய்மைப் பணியாளர் பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் திறந்து வைத்திருக்கிறார். 200 வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன. மீதி 100 வீடுகள் ஒரே கவரில் முடிச்சுப் போட்டுக் கொடுக்கின்றன. முடிச்சை அவிழ்த்தால் நேற்றைய சாம்பார் சாதம், அதில் நனைந்த செய்தித்தாள், மூலை கத்தரித்த பால் பாக்கெட், அதன் அடியில் குழந்தையின் டயப்பர், உடைந்த கண்ணாடித் தம்ளர். கையால்தான் பிரிக்க வேண்டும். கவருக்கு 2 நிமிடம் என்றால் 200 நிமிடம், 3 மணி 20 நிமிடம் கூடுதல். 5 மணி நேர வேலை 8 மணி 20 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. எனவே வண்டி என்ன செய்யும் என்பதை யாரும் ஊகிக்கலாம்: 100 வீட்டுக் கவரும் அப்படியே ஒரு தொட்டிக்குள் போகும், பிரித்துக் கொடுத்த 200 வீட்டின் உழைப்பும் அதோடு போகும். அதைப் பால்கனியிலிருந்து பார்த்த வீட்டுக்காரர் மறுநாள் பிரிக்க மாட்டார். 33 சதவீதம் ஒத்துழைக்காவிட்டால் எஞ்சிய 67 சதவீதமும் சில வாரங்களில் கரையும்.

அந்தச் செய்தித்தாளை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். காய்ந்த நிலையில் கிலோவுக்குப் 10 ரூபாய்க்கு மேல் பெறும். சாம்பாரில் நனைந்தால் பூஜ்யம். பால் பாக்கெட்டுக்கும் இதே கதி. கழுவிக் கவிழ்த்து வைத்தால் காயலான் கடைக்குப் போகும், கழுவாவிட்டால் மேட்டுக்கு. பொருள் ஒன்றுதான், இடையில் இருப்பது ஒரு கை தண்ணீர்.

இந்தப் பூஜ்யத்தை எண்ணாக மாற்ற முயன்ற நகரம் புனே. அங்கே குப்பை பொறுக்குவோரின் சங்கம் 1993-இல் தொடங்கியது. 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்று பெயர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று, லாரியில் ஏறும் முன்பே இவர்கள் நாளொன்றுக்கு 144 டன் மறுசுழற்சிப் பொருளைப் பிரித்தெடுப்பதாகவும், அதனால் நகராட்சிகளுக்கு ஆண்டுக்கு 1.6 கோடி ரூபாய் மிச்சமாவதாகவும் கணக்கிட்டது. 144 டன்னை 365-ஆல் பெருக்கினால் 52,560 டன். டன்னுக்கு 304 ரூபாய், அன்றைய விலையில். கெஞ்சிக் கேட்காமல், 'உங்களுக்கு இவ்வளவு மிச்சப்படுத்துகிறோம்' என்று கணக்குச் சீட்டை நீட்டிய சங்கம் அது. பலன்கள் ஒவ்வொன்றாக வந்தன: மாநகராட்சி முத்திரையுடன் அடையாள அட்டை, 2002-03இல் மருத்துவக் காப்பீடு, 2007-இல் 'ஸ்வச்' கூட்டுறவு, 2008-இல் வீடுவீடாகச் சேகரிக்க மாநகராட்சியுடன் ஒப்பந்தம். 3,500-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இன்று வீட்டுக்காரரிடமே மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். பிரித்த பொருளை விற்ற பணமும் அவர்களுக்கே. பிரிக்கச் செலவிடும் 2 நிமிடத்துக்கு இங்கே கூலி இருக்கிறது. சென்னையின் வண்டிக்கும் புனேயின் வண்டிக்கும் உள்ள முதல் வேறுபாடு அதுதான்.

சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் கவனிக்க வேண்டிய எண் 447. 48 வார்டுகள் கொண்ட சிறு நகரம். 2015-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ரிது சைன், வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசனின் திட-திரவ வள மேலாண்மை முறையைக் கொண்டுவந்தார். மகளிர் சுய உதவிக் குழுக்களின் 447 பெண்கள் வீடுவீடாகச் சேகரித்து, வார்டு மையங்களில் பிரித்து விற்றார்கள். நகரின் 16 ஏக்கர் குப்பைக் கிடங்கு பூங்காவானது. நாளொன்றுக்குச் சுமார் 45 டன் குப்பைக்கு 447 பேர் என்றால் தலைக்கு 100 கிலோ. இயந்திரத்தை நம்பும் கண்ணுக்கு இது திறமைக் குறைவாகத் தெரியலாம். என் பார்வையில் 100 கிலோ என்பது ஒருவர் உண்மையிலேயே பிரிக்கக்கூடிய அளவு. 570 கிலோ என்பது ஏற்றி இறக்க மட்டுமே முடிகிற அளவு. வேலூரில் முளைத்த முறை வடக்கே 447 பெண்களுக்கு வேலை தந்ததில் நமக்குப் பெருமை உண்டு. அதை நம் பெருநகரம் தன் அளவுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளவில்லையே என்ற ஆதங்கமும் உண்டு.

2025 ஆகஸ்ட் மாதம் சென்னையில் பேசப்பட்ட எண் 26 சதவீதம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போனபோது, மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குப் புதிய நிறுவனத்தில் சுமார் 17,000 ரூபாய்தான் என்று பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். 6,000 ரூபாய் குறைவு. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். பிரிக்கும் கைக்கு 26 சதவீதம் குறைத்துக்கொடுத்துவிட்டு, பிரிக்கும் அளவு கூடும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஒரு வண்டிக்கு மாதம் 6,000 ரூபாய் மிச்சம். அந்த வண்டியின் 570 கிலோவில் பாதி பிரிக்கப்படாமல் மேட்டுக்குப் போனால் மாதம் 8.5 டன், கொடுங்கையூர் விலையில் 8,200 ரூபாய்.

வீடுகளைவிட எளிதாகப் பேசி முடிக்கக்கூடியவர்களின் குப்பை 30 சதவீதம். வணிகம் 16 சதவீதம், மண்டபங்கள், பள்ளிகள், நிறுவனங்கள் 14. சேர்த்து 1,500 டன். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் கழிப்போரைப் பெருங்கழிவு உருவாக்குவோர் என்று வரையறுத்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் ஓராண்டுக்குள், அதாவது 2017-க்குள், மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றன. 1,500 டன்னும் இப்படிப்பட்டவர்களிடமிருந்தே வருவதாக வைத்தாலும் அதிகபட்சம் 15,000 பேர். டீக்கடைகளையும் சிறு கடைகளையும் கழித்தால் இன்னும் குறையும். வீடுகளோ, நான்கு பேருக்கு ஒன்று என்றால், 16.8 லட்சம். இங்கே ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பேசினால் போதும் என்றால், அங்கே 112 வீட்டு வாசலில் பேச வேண்டும். 2017 கடந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்த வாசல்களில் போதுமான அளவு பேசவில்லை.

இந்தூர் பேசியது, அதன் விளைவு 17,000 கிலோ. 2022 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய அந்த நகரின் பயோ-சி.என்.ஜி. ஆலை நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையை வாங்கி, 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் உரமும் தரும் திறனுடையது. முதலீடு 150 கோடி ரூபாய், தனியாருடையது. அந்த நிறுவனமே மாநகராட்சிக்கு ஆண்டுக்கு 2.5 கோடி ரூபாய் கட்டுகிறது. குப்பை எடுக்கப் பணம் கொடுப்பதுதான் உலக வழக்கம். பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்தக் குப்பை சுத்தமாகப் பிரிந்து வருகிறது. டன்னுக்கு 31 கிலோ எரிவாயு. சென்னையின் 8 சதவீத உணவுக் கழிவை மட்டும், 400 டன், இதே விகிதத்தில் கணக்கிட்டால் 12,400 கிலோ. இலைதழையை நான் சேர்க்கவில்லை. அது எரிவாயுவுக்கு அவ்வளவு உதவாது, உரத்துக்கே நல்லது. சென்னையில் சேத்துப்பட்டிலுள்ள பயோ-சி.என்.ஜி. ஆலையின் திறன் 100 டன். 400-இல் கால்வாசி.

உற்பத்தியாளர் பக்கம் போனால் 6 லட்சம் என்ற எண் நிற்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு விற்பவரே அதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் விதி வந்தது. 2021-22க்கு 25 சதவீதம், அடுத்த ஆண்டுக்கு 70, 2023-24க்கு 100 என்று இலக்கு. மறுசுழற்சி செய்வோர் தரும் சான்றிதழை நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். 2023-இல் நான்கு ஆலைகளில் சோதித்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கே மட்டும் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களைக் கண்டது. அதுவரை நாடு முழுவதும் வழங்கப்பட்டவை சுமார் 37 லட்சம். ஆறில் ஒன்று பொய். காகிதத்தில் பிளாஸ்டிக் சுழன்றது, பொருள் சுழலவில்லை. சிப்ஸ் பாக்கெட்டின் பல அடுக்கு உறைக்குக் காயலான் கடையில் இன்றும் விலை இல்லை. சான்றிதழுக்குக் கொடுத்த பணம் பொறுக்கும் கைக்கு வந்திருந்தால் விலை வந்திருக்கும்.

பணம் கையில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரி சான்று: 10 ரூபாய். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. திரும்பி வந்தவை 90 சதவீதத்துக்கும் மேல். காட்டு ஓரத்தில் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த கண்ணாடி அது. குடித்தவர் எறிந்தாலும் வேறொருவர் 10 ரூபாய்க்காக எடுத்துவந்தார். இரும்புக்குத் தானாக அமைந்த விலையை இங்கே கண்ணாடிக்கு அரசு அமைத்துக் கொடுத்தது, அவ்வளவே.

இவையெல்லாம் ஓராண்டில் கூடிவருபவை அல்ல. தென்கொரியாவுக்கு 18 ஆண்டு ஆனது: 1995-இல் பைக்கு ஏற்பக் கட்டணம், 2005-இல் உணவுக் கழிவைப் புதைக்கத் தடை, 2013-இல் உணவுக் கழிவுக்கும் அளவுக்கேற்ற கட்டணம். 1995-இல் 2 சதவீதமாக இருந்த உணவுக் கழிவு மறுசுழற்சி இன்று சுமார் 95.

கொடுங்கையூரில் இப்போது திட்டமிடப்பட்டிருப்பது நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து 31 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் உலை. வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து எதிர்த்துவருகிறார்கள். புகை பற்றிய அவர்களுடைய அச்சத்தை ஒரு கணம் தள்ளிவைத்து, எடையை மட்டும் பார்ப்போம். சென்னைக் குப்பையில் எரியக்கூடிய மரம், காகிதம், பிளாஸ்டிக், துணி, ரப்பர் எல்லாம் 25.07 சதவீதம், 5,000 டன்னில் 1,253 டன். குப்பை 6,000 டன்னாகக் கூடினாலும் 1,504. உலைக்குத் தேவை 2,100. முதல் கணக்கில் 847 டன் குறைகிறது, இரண்டாவதில் 596. காயலான் கடைக்குப் போக வேண்டிய காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒரு கிலோ விடாமல் உலைக்குள் போனாலும் இந்தக் குறை இருக்கும். அவற்றை மீட்டுவிட்டால், காகிதம் 322 டன்னும் பிளாஸ்டிக் 352 டன்னும் கழிந்து, மிஞ்சுவது 579 டன். பற்றாக்குறை 1,521 டன். அதை ஈரக் குப்பையால் நிரப்பலாம். எரியாது, எரிய வைக்க வெப்பம் வீணாகும். பக்கத்து நகரங்களின் குப்பையால் நிரப்பலாம். அப்போது தாம்பரமும் ஆவடியும் பிரித்து மீட்க வேண்டியதும் வடசென்னையில் எரியும். குறைந்தபட்சக் குப்பைக்கு மாநகராட்சி உத்தரவாதம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால், ஒவ்வொரு வார்டும் பிரிக்கப் பிரிக்க மாநகராட்சி அபராதம் கட்டும் நிலை வரும். 200 வார்டுகளிலும் புதிதாக எடை போட்டு, மக்குவது எவ்வளவு, மீட்பது எவ்வளவு, எரிப்பதற்கு மிஞ்சுவது எவ்வளவு என்று வெளியிட்ட பிறகே உலையின் அளவு முடிவாக வேண்டும். அந்த எடை 579 டன் என்று வந்தால் உலை 579 டன்னுக்குத்தான்.